ஸ்போர்ட்ஸ் காருக்கு சம்மர் டயரும் வீலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் பிறந்ததும் ஜெர்மனியில் கார் வைத்திருக்கும் நம்மவர்களிடமிருந்து ஒரே மாதிரியான சந்தேகங்கள் வரத் தொடங்கிவிடும். சாதாரணக் கார் என்றால் இரண்டு நிமிடத்தில் பேசி முடித்துவிடலாம். ஸ்போர்ட்ஸ் கார் அப்படியில்லை. முன்னும் பின்னும் வேறு அளவு டயர், பெரிய பிரேக், ஆட்டோபானில் 200-ஐத் தாண்டும் வேகம் என்று எல்லாமே கூடுதல். அதனால் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். சட்டம் என்று சொல்வதெல்லாம் ஜெர்மனிச் சட்டம். வேறு நாடு என்றால் பெயர் சொல்லியிருக்கிறேன்.

அண்ணை, சம்மர் டயர் எண்டா வெயில் காலத்துக்கு மட்டுமோ? மழையில ஓடலாமோ?

தாராளமாக ஓடலாம். குளிர் இல்லாத நாளில் மழைச் சாலையை நல்ல சம்மர் டயர் பிடிக்கும் அளவுக்கு வின்டர் டயர் பிடிக்காது. வித்தியாசம் ரப்பர் கலவையில்தான். சம்மர் டயரின் ரப்பர் சூடான தாரில் குழையாமல் நிற்பதற்காகச் செய்யப்பட்டது. ஏழு டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகப் போக அது விறைத்து, சாலையின் சொரசொரப்புக்குள் இறங்க முடியாமல் வழுக்கத் தொடங்கும். சென்னையில் ஓடும் கார்களில் இருப்பதும் பெரும்பாலும் இந்த வகைதான். அங்கே குளிர் இல்லாததால் யாரும் பெயர் சொல்லி வாங்குவதில்லை.

ஸ்போர்ட்ஸ் கார் டயரில் இந்தக் குணம் இன்னும் கடுமை. உறைகுளிரில் அந்த ரப்பர் வெடிப்பு விடக்கூடும். மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே கிடந்த டயரை, குறைந்தது 5 டிகிரி உள்ள இடத்தில் ஒரு முழு நாள் வைத்துச் சூடேறிய பிறகே காரில் மாட்டவோ உருட்டவோ வேண்டும் என்று மிச்லின் எச்சரிக்கிறது. தை மாதம் கராஜில் கிடக்கும் காரைச் சும்மா பத்தடி நகர்த்துவதும் இதில் அடங்கும்.

எப்ப மாத்தணும்? ஈஸ்டர் வந்தா போதும்னு எல்லாரும் சொல்றாங்களே?

அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை வின்டர் டயர் என்பது ஜெர்மனியில் வழிவழியாகச் சொல்லப்படும் கணக்கு. ஈஸ்டரோ ஒரு மாதம் முன்பின்னாக வரும். 2024-இல் மார்ச் 31, 2025-இல் ஏப்ரல் 20. ஆகவே நாட்காட்டியை விட்டுவிட்டு, நீங்கள் வேலைக்குக் கிளம்பும் நேரத்து வெப்பத்தைப் பாருங்கள். மத்தியானம் 15 டிகிரி இருந்தாலும் காலையில் 2 டிகிரி என்றால் பொறுங்கள். ஸ்டுட்கார்ட்டில் மரம் பூத்திருக்கும்போது கருங்காட்டு (பிளாக் ஃபாரஸ்ட்) மலைப்பாதையில் பனி கிடப்பதுண்டு.

ஜெர்மனியில் வின்டர் டயருக்குத் தேதி கிடையாது. சாலையில் பனியோ உறைந்த ஈரமோ இருந்தால் அது கட்டாயம். 2024 அக்டோபர் 1 முதல் மலையும் பனித்துகளும் சேர்ந்த முத்திரை உள்ள டயர்தான் கணக்கில் வரும், வெறும் எம்+எஸ் (சேறும் பனியும்) என்ற பழைய குறி செல்லாது. மீறினால் 60 யூரோ அபராதமும் ஓட்டுநர் பதிவில் ஒரு தண்டனைப் புள்ளியும். ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, அதுவும் சாலை பனிக்கால நிலையில் இருக்கும்போது. கனடாவில் கியூபெக் மாகாணம் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயமாக்கியிருக்கிறது. டொராண்டோ இருக்கும் ஒண்டாரியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் அங்குள்ள குளிரில் சம்மர் டயரை வைத்திருக்கவே கூடாது.

டயர் பக்கத்துல எழுதியிருக்கிற நம்பரெல்லாம் எதுக்கு? அளவு மட்டும் பார்த்தா போதாதா?

போதாது. 245/35 இசட்ஆர் 19 (93ஒய்) எக்ஸ்எல் என்று இருந்தால், 245 மி.மீ. அகலம், அதில் 35 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், 19 அங்குல ரிம். இசட்ஆர் என்பது அதிவேக ரேடியல் டயர். 93 என்பது சுமைக் குறியீடு, அதாவது ஒரு டயர் 650 கிலோ தாங்கும். 91 என்றால் 615 கிலோ. ஒய் என்பது 300 கி.மீ. வேகம் வரை, அடைப்புக்குறிக்குள் ஒய் இருந்தால் அதற்கும் மேலே. டபிள்யூ 270, வி 240. எக்ஸ்எல் என்றால் கூடுதல் காற்றழுத்தத்தில் கூடுதல் சுமை தாங்கும் கட்டுமானம்.

"நான் தனியாத்தானே ஓட்டுறேன், சுமை எண் கொஞ்சம் குறைஞ்சா என்ன" என்று கேட்பார்கள். வளைவில் வேகமாகத் திரும்பும்போதும் பிரேக் அடிக்கும்போதும் ஒரு டயரில் ஏறும் எடை, நின்றிருக்கும்போது இருப்பதைவிட மிக அதிகம். பதிவுப் பத்திரத்தின் 15.1, 15.2 கட்டங்களில் உள்ள சுமை எண்ணுக்கும் வேக எழுத்துக்கும் கீழே போகக் கூடாது. காரின் உச்ச வேகத்தைவிடக் குறைந்த வேக எழுத்தோடு, கண்ணில் படும்படி ஸ்டிக்கர் ஒட்டி ஓட்டும் சலுகை வின்டர் டயருக்குத்தான், சம்மர் டயருக்கு இல்லை.

17 இன்ச் ரிம்மை எடுத்துட்டு 19 போட்டா கார் இன்னும் நல்லா ஓடும் தானே?

பார்க்க நன்றாக இருக்கும். ஓட்டத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. முதல் விதி, டயரோடு சேர்ந்த மொத்த விட்டம் மாறக் கூடாது. டொயோட்டா ஜிஆர்86 தொழிற்சாலையிலிருந்தே இரண்டு அளவில் வருகிறது. 215/45 17-இன் விட்டம் ஏறக்குறைய 625 மி.மீ., 215/40 18-இன் விட்டம் 629 மி.மீ. ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. ரிம் ஒரு அங்குலம் வளர்ந்ததை டயரின் பக்கச்சுவர் குறைந்து ஈடுகட்டிவிட்டது. இந்தக் கணக்கு தப்பினால் ஸ்பீடோமீட்டர், ஏபிஎஸ், வழுக்கல் கட்டுப்பாடு எல்லாம் தவறான தகவலோடு வேலை செய்யும்.

பக்கச்சுவர் குறையும்போது ஸ்டியரிங் சட்டென்று பதில் சொல்லும் என்பது உண்மை. அதற்கு விலையாக வீலின் எடை பொதுவாகக் கூடும், பள்ளத்தில் விழுந்தால் அடி நேரே ரிம்முக்குப் போகும். தெருவில் ஓட்டும் லேசான ஸ்போர்ட்ஸ் காருக்கு ஓர் அங்குலம் கூட்டுவது போதும் என்பது என் கருத்து. பணம் இருந்தால் அளவைக் கூட்டாமல் அதே அளவில் எடை குறைந்த ஃபோர்ஜ்ட் (உலோகத்தை அழுத்தி அடித்துச் செய்த) வீல் வாங்குங்கள். வித்தியாசம் முதல் வளைவிலேயே தெரியும். சிறிதாக்குவதற்கும் எல்லை உண்டு: டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் காலிப்பரில் ரிம் இடிக்கக் கூடாது.

பிசிடி பொருந்துது, போல்ட் ஏறுது. அப்ப வேற என்ன பார்க்கணும்?

போல்ட் ஏறுவது எதற்கும் சான்று இல்லை. பிசிடி என்பது போல்ட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம். ஆடி, மெர்சிடிஸ், புதிய பிஎம்டபிள்யூ ஆகியவற்றில் ஐந்து போல்ட், 112 மி.மீ. வட்டம். பல ஜப்பானிய, கொரியக் கார்களில் ஐந்து போல்ட், 114.3 மி.மீ. இரண்டுக்கும் 2.3 மி.மீ.தான் வித்தியாசம் என்பதால் வம்படியாக ஏற்றிவிடலாம். ஏறிய போல்ட் சாய்ந்து நிற்கும், ஓட ஓடத் தளரும். போர்ஷ் 911-இன் வட்டம் 130 மி.மீ., அதனால் அங்கே இந்தக் குழப்பம் வருவதில்லை.

அடுத்தது ஈடி, அதாவது ஆஃப்செட்: வீலின் நடுக்கோட்டிலிருந்து, காரில் பொருந்தும் அதன் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்ற அளவு. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இப்போது இருப்பது 8 அங்குல அகலம், ஈடி45. வாங்க நினைப்பது 8.5 அங்குலம், ஈடி35. அகலம் 12.7 மி.மீ. கூடுகிறது, அதில் பாதி வெளியே, பாதி உள்ளே. ஈடி 10 குறைவதால் முழு வீலும் 10 மி.மீ. வெளியே நகரும். ஆக வெளி விளிம்பு 16 மி.மீ.க்குச் சற்று மேல் ஃபெண்டரை நோக்கி வரும், உள் விளிம்பு சஸ்பென்ஷனிலிருந்து 3.6 மி.மீ. விலகும். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பியும், ஆள் ஏற்றிக் காரை அமுக்கியும் இடைவெளி பாருங்கள்.

மூன்றாவது நடு ஓட்டை. ஜிஆர்86-இன் ஹப் (வீல் உட்காரும் அச்சு மையம்) 56.1 மி.மீ. வெளியில் வாங்கும் வீல்களின் ஓட்டை அதைவிடப் பெரிதாக இருப்பது வழக்கம். இடைவெளியை நிரப்பச் சரியான அளவு வளையம் போட வேண்டும். வளையம் எடையைத் தாங்குவதில்லை, வீலை நடுவில் நிறுத்துவது மட்டுமே அதன் வேலை. அது இல்லாவிட்டால் வீல் ஒரு பக்கம் ஒதுங்கி உட்கார்ந்து வேகத்தில் அதிரும்.

போர்ஷுக்கு என்0, என்1 போட்ட டயர்தான் வாங்கணுமா? விலை அதிகமா இருக்கே.

என் குறி போர்ஷ் சோதித்து ஒப்புக்கொண்ட டயருக்கானது. பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்ஓ. பெயர் ஒன்றாக இருந்தாலும் உள் கட்டுமானமும் ரப்பரும் அந்தக் காருக்காக மாற்றப்பட்டிருக்கலாம். பின்புறம் எஞ்சின் உள்ள 911-க்கு இதன் பலன் உண்மையானது, நான் என் குறியோடுதான் போகச் சொல்வேன். என் குறி இல்லாமல் போடுவதென்றால் நான்கும் ஒரே வகையாகப் போடுங்கள். முன்னே குறி உள்ளது, பின்னே குறி இல்லாதது என்று கலப்பதுதான் மோசம்.

பின் டயர் ரெண்டும் தேஞ்சுட்டுது, முன் டயர் நல்லா இருக்கு. ரெண்டு மட்டும் வாங்கினா காணுமோ?

பின்சக்கர இழுவைக் காரில் இது வழக்கம்தான். அதே நிறுவனம், அதே மாடல், அதே குறி என்றால் பின்னுக்கு இரண்டு மட்டும் வாங்கலாம். முன்னும் பின்னும் அளவு வேறு என்றால் மாற்றிப் போட்டுச் சமாளிக்க வழியில்லை. உதாரணமாக, 992 தலைமுறை போர்ஷ் 911 கரேராவில் முன்னே 235/40 19, பின்னே 295/35 20.

நான்கு சக்கர இழுவை என்றால் முன்பின் பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் மேடுகள்) ஆழத்தின் வித்தியாசத்துக்குக் காரின் கையேடு வரம்பு வைத்திருக்கும். அதை மீறினால் கியர் பகுதி சூடாகிக் கெட்டுப்போகும். சட்டப்படி குறைந்தபட்ச ஆழம் 1.6 மி.மீ., ஜெர்மன் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி சம்மர் டயருக்கு 3 மி.மீ. என்கிறது. 295 மி.மீ. அகலமுள்ள டயர் நீர்ப்படலத்தில் சீக்கிரம் மிதக்கும். ஆகவே அகல டயர்க்காரர்கள் 3-ஐயே எல்லையாக வையுங்கள்.

டயர் வாங்கி எட்டு வருஷம். ஆனா பட்டன் புதுசு மாதிரி இருக்கு, தூக்கிப் போட மனசு வரல.

உங்கள் காரில் பட்டன் வயதைக் காட்டாது. வருடத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடும் காரில் டயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடும். பக்கச்சுவரில் டாட் என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம்.

2013 நவம்பரில் கலிஃபோர்னியாவில் நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்தில் ஓடியது போர்ஷ் கரேரா ஜிடி. முக்கியக் காரணம் வேகம் என்று விசாரணை சொன்னது. அதே விசாரணை, டயர்கள் ஒன்பது வயதானவை, அது காரின் பிடிப்பைப் பாதித்திருக்கலாம் என்றும் பதிவு செய்தது. ஐந்து வருடம் தாண்டினால் ஆண்டுதோறும் கடையில் கழற்றிப் பார்க்க வேண்டும், பத்து ஆனால் எப்படி இருந்தாலும் மாற்ற வேண்டும் என்பது மிச்லின் தரும் அறிவுரை. 200-க்கு மேல் ஓட்டுபவருக்கு நான் ஆறு வருடத்திலேயே மாற்றச் சொல்கிறேன். எட்டு வருட டயரைத் தயவுசெய்து கழற்றுங்கள்.

வீட்டிலேயே மாத்திக்கலாமா? என்ன வரிசையில செய்யணும்?

டயர் ஏற்கெனவே ரிம்மில் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். கெட்டியான சமதளம் வேண்டும், கற்கள் பதித்த முற்றம் வேண்டாம். கியரில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்து, எதிர்ச் சக்கரத்துக்கு அடைப்பு வையுங்கள். வீல் தரையில் இருக்கும்போதே போல்ட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். ஜாக்கைக் கையேடு காட்டும் இடத்தில் ரப்பர் பட்டையோடு வையுங்கள். தாழ்ந்த காரில் சாதாரண ஜாக் நுழையாது. சிறு பலகையில் காரை ஏற்றி நிறுத்தினால் நுழையும். தூக்கியபின் ஸ்டாண்ட் கொடுங்கள், ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கையோ தலையோ விடக் கூடாது.

வீலைக் கழற்றியதும் ஹப்பின் முகத்தைப் பாருங்கள். குளிர்காலத்து உப்பு அங்கே ஒரு செம்பழுப்பு வளையம் படிய வைத்திருக்கும். வயர் பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேயுங்கள், வீலின் உள்முகத்தையும் அப்படியே. அவசரத்தில் எல்லோரும் விடுவது இந்த வேலையைத்தான். துருவின் மேல் வீலை இறுக்கினால் அன்று சரியாகத்தான் இருக்கும். ஓட ஓடத் துரு நசுங்கும், நசுங்கிய அளவுக்குப் போல்ட்டின் இறுக்கம் போய்விடும். செராமிக் பிரேக் உள்ள கார் என்றால் போல்ட் ஓட்டைகளில் வழிகாட்டிக் கம்பி ஒன்றிரண்டைத் திருகி, அதன் மேல் வீலைச் சறுக்கி எடுங்கள். வீல் தட்டினால் டிஸ்க்கின் ஓரம் சிதறும், அதன் விலை உங்கள் நான்கு டயரைவிட அதிகம்.

மாட்டும்போது எல்லாப் போல்ட்டையும் கையால் திருகுங்கள். கையால் ஏறாத போல்ட்டை இயந்திரத்தால் ஏற்றினால் மரை போகும். டயரில் அம்பு இருந்தால் அது முன்னோக்கி உருளும் திசை, வெளிப்பக்கம் என்று எழுதியிருந்தால் அந்த எழுத்து உங்களைப் பார்த்து நிற்க வேண்டும். நட்சத்திர வரிசையில், எதிரெதிராகப் பாதி இறுக்கி, காரை இறக்கியபின், இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் முடியுங்கள்.

எவ்வளவு இறுக்கணும்? இன்னும் கொஞ்சம் இறுக்கினா பாதுகாப்பு தானே?

இல்லை. போல்ட் இறுகும்போது நூலிழை அளவு நீளுகிறது. அந்த இழுவிசைதான் வீலை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. அளவுக்கு மேல் இறுக்கினால் போல்ட் நிரந்தரமாக நீண்டு, பிடிக்கும் சக்தியை இழக்கும். ஜிஆர்86-க்கு 120 நியூட்டன் மீட்டர், 992 வகை 911-க்கு 160, எம்14 (14 மி.மீ. தடிமன்) போல்ட் உள்ள பிஎம்டபிள்யூக்களுக்கு 140. உங்கள் காரின் எண்ணைக் கையேட்டில் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரரின் எண் உங்களுக்கு உதவாது. மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். உராய்வு குறைந்து, ரெஞ்ச் 120 என்று சொல்லும்போது உண்மையில் போல்ட் அதைவிட அதிகம் இழுபட்டிருக்கும்.

50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி டார்க் ரெஞ்சை வைத்துப் பாருங்கள். கடையில் மாட்டியிருந்தாலும் இதைச் செய்யுங்கள். நடுவில் ஒரே பெரிய நட் உள்ள சென்டர் லாக் கார்களில், உதாரணமாக 911 ஜிடி3-இல், அளவு 600 நியூட்டன் மீட்டர். அது பணிமனை வேலை, வீட்டில் வேண்டாம்.

புது அலாய் வீலுக்குப் பழைய போல்ட்டே போதாதா?

போல்ட்டின் தலைக்கு அடியில் பாருங்கள், கூம்பு வடிவமா, உருண்டை வடிவமா என்று. போர்ஷின் சொந்த வீல்கள் உருண்டை இருக்கைக்கு. வெளி நிறுவன வீல்கள் பல 60 டிகிரி கூம்புக்கு. மாற்றிப் போட்டால் மெல்லிய ஒரு கோட்டில்தான் தொடும், மேலே சொன்ன டார்க் அளவுக்குப் பொருளே இல்லாமல் போகும். நீளமும் முக்கியம். எம்12, 1.5 மரை (12 மி.மீ. தடிமன், 1.5 மி.மீ. மரை இடைவெளி) என்றால் குறைந்தது ஆறரைச் சுற்று, எம்14, 1.5 மரை என்றால் ஏழரைச் சுற்று உள்ளே போக வேண்டும். ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே ஸ்பேசர் தகடு போட்டால் அதன் தடிமன் அளவுக்கு நீண்ட போல்ட் வேண்டும்.

காத்து எவ்வளவு வைக்கிறது?

கதவின் தூணிலோ பெட்ரோல் மூடியின் உள்ளேயோ உள்ள ஸ்டிக்கர் சொல்வது குளிர்ந்த டயருக்கான அளவு. ஓட்டி முடித்த சூட்டில் அழுத்தம் கூடித்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்காதீர்கள். வெளி வெப்பம் 10 டிகிரி மாறினால் சுமார் 0.1 பார் மாறும். ஏப்ரலில் நிரப்பியதை ஜூலையில் மறுபடி பாருங்கள். டயர் மாற்றியதும் அழுத்தம் காட்டும் அமைப்புக்குப் புதிய செட்டைக் கற்றுக்கொடுக்க மறக்காதீர்கள்.

மாத்தின பிறகு 110-ல ஸ்டியரிங் ஆடுது. பாலன்ஸ் போயிட்டுதோ?

இருக்கலாம், ஆனால் முதலில் வீலைக் கழற்றி உட்கார்ந்த இடத்தைப் பாருங்கள். ஒருவர் தன் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை இரண்டு கடையில் பாலன்ஸ் செய்து பார்த்துவிட்டுக் கொண்டுவந்தார். ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே விரல் நகமளவு துருச் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. எடுத்ததும் ஆட்டம் நின்றது. அதுவும் இல்லையென்றால் நடு வளையம், அப்புறம் பாலன்ஸ், அதற்கும் பிறகு ரிம் வளைந்திருக்கிறதா என்று போங்கள். காலையில் மட்டும் ஆடி பத்து கிலோமீட்டரில் சரியானால், நீண்ட நாள் நின்றதால் டயரில் விழுந்த தட்டை.

வெளி நிறுவன வீல் போட்டா ட்யூஃப்ல பதியணுமா?

வீலோடு வரும் தாளைப் பொறுத்தது. ஆ.பே.ஏ. எனப்படும் பொது அனுமதி இருந்து, உங்கள் காரும் டயர் அளவும் நிபந்தனைகளும் அப்படியே பொருந்தினால் தாளைக் காரில் வைத்திருந்தால் போதும். டைலெகூட்டாக்டன் (உதிரிப்பாகத்துக்கான நிபுணர் அறிக்கை) மட்டும் இருந்தால் மாட்டிய உடனே ட்யூஃப் போன்ற வாகனச் சோதனை நிலையத்தில் காட்டிச் சான்று வாங்க வேண்டும். நிபந்தனைப் பகுதியை வரிவரியாகப் படியுங்கள். "தாழ்த்தும் ஸ்ப்ரிங் இல்லாத காருக்கு மட்டும்" என்பது போன்ற வரிகள் அங்கேதான் இருக்கும். அனுமதி செல்லாமல் போனால் விபத்து நாளில் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும்.

நூர்பர்க்ரிங்குக்கு வருஷத்துல ரெண்டு தடவை போவேன். கப் 2 டயரையே தினமும் ஓட்டலாமா?

சட்டம் தடுக்காது, நான் வேண்டாம் என்பேன். மிச்லினின் கப் 2 போன்ற, பந்தயப் பாதைக்கு நெருக்கமான டயர் சூடேறினால்தான் முழுப் பிடிப்பைத் தரும். நீரை வெளியேற்றும் பள்ளங்களும் குறைவு. ஏப்ரல் மாதக் காலை மழையில், வேலைக்குப் போகும் வழியில் அது சூடேறப் போவதில்லை. நூர்பர்க்ரிங் ஓடுபாதையின் 20.8 கி.மீ. நீளமுள்ள நோர்ட்ஷ்லைஃப சுற்றோ, ஒரு மூலையில் வெயிலும் மறு மூலையில் மழையும் இருக்கும் இடம். வருடத்துக்கு இரண்டு தடவை என்றால் மிச்லினின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் வகைச் சாலை டயரே போதும். அதிகம் போனால் தனி ரிம்மில் தனி செட் வையுங்கள். எந்த டயரானாலும் புதிதாக மாட்டியதும் முதல் 200, 300 கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள்.

ஆணி குத்திட்டுது. பஞ்சர் ஒட்டலாமா?

வெளியிலிருந்து திரி செருகும் பஞ்சரை இந்த வேகத்துக்கு நம்பாதீர்கள். டயரைக் கழற்றி உள்ளே பார்த்து, பட்டன் பகுதியில் சிறு ஓட்டை மட்டும் என்றால் முறையாக வல்கனைஸ் செய்யும் (ரப்பரைச் சூட்டில் ஒட்டவைக்கும்) கடைகள் உண்டு. பக்கச்சுவர் என்றால் டயரை வீசிவிடுங்கள். சில கார் நிறுவனங்கள் எந்தப் பழுதுபார்ப்பையும் ஏற்பதில்லை, கையேடு அப்படிச் சொன்னால் அதன்படியே செய்யுங்கள். காரோடு வரும் அடைப்புத் திரவம் கடை வரை போய்ச் சேர மட்டும், அதுவும் 80 கி.மீ. வேகத்துக்குள்.

கழட்டின செட்டை எங்க வைக்கிறது?

இருட்டும் குளிர்ச்சியும் ஈரமின்மையும் உள்ள அறை. ரிம்மோடு இருந்தால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாம், தொங்கவும் விடலாம். ரிம் இல்லாத டயரை நிற்க வைத்து அவ்வப்போது உருட்டி வையுங்கள். எந்தச் சக்கரம் என்று சாக்கட்டியால் எழுதிவிடுங்கள்: முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது. சம்மர் செட்டை உறையும் கராஜில் வைக்க வேண்டியிருந்தால் முதல் பதிலில் சொன்ன 5 டிகிரி விஷயத்தை மறக்க வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட்ல ஃபோர்ஜ்ட் வீல் நல்ல விலைக்கு வருது. வாங்கலாமா?

டயர் மாட்டாத நிலையில் பார்க்க முடிந்தால் மட்டும். வெளிமுகம் பளபளவென்று இருக்கும், கதை உள்பக்கத்தில்தான் இருக்கும். உள் விளிம்பில் விரலை வைத்து முழு வட்டமும் தடவுங்கள். மேடு, தட்டை, புதிதாகப் பெயின்ட் அடித்த திட்டு ஏதாவது கையில் பட்டால் அங்கே நின்று வெளிச்சம் அடித்துப் பாருங்கள். வெல்டிங் செய்த ரிம், சூடாக்கி நிமிர்த்திய ரிம் இரண்டையும் வாங்காதீர்கள். ட்யூஃபில் ஏற்க மாட்டார்கள், 200-இல் உடைந்தால் திருத்திக்கொள்ள நேரமும் கிடைக்காது.

வீலில் பொறித்திருக்கும் கா.பே.ஆ. (ஜெர்மன் மோட்டார் வாகன ஆணையம்) எண், அகலம், ஈடி மூன்றையும் படம் எடுத்து, விற்பவர் தரும் தாளோடு ஒப்பிடுங்கள். ஜப்பானிய வீல் என்றால் ஜேடபிள்யூஎல் என்ற ஜப்பானியத் தர முத்திரை இருக்கும். அது நல்ல அறிகுறி, ஆனால் ஜெர்மன் தாளுக்கு ஈடாகாது. தாள் இல்லை, பிறகு தருகிறேன் என்றால் பணத்தையும் பிறகே கொடுங்கள்.